கூடை இல்லாத அம்மா

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு, விரலால் தொட்டு வேலை செய்கிற டேப்லட், நாங்கள் சொல்கிற டெப், ஆறு வந்தபோது நான் ஏழாம் ஆண்டு. வகுப்பில் முப்பது பேர். ஆக, ஒரு கண்ணாடியில் ஐந்து பேரின் விரல்கள். சித்திரம் சொல்லித்தரும் டீச்சர் ராகலையிலிருந்து பஸ்ஸில் வருவார். ‘என் அம்மா’ என்பதுதான் முதல் வேலை என்றார். அம்மாவைப் போனில் படம் பிடித்து வர வேண்டும்; அதை டெப்பில் போட்டு அதன் மேலேயே விரலால் வரைய வேண்டும். பென்சில் வேண்டாம், ரப்பர் வேண்டாம், நகத்தை மட்டும் வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். இது என்ன சித்திரப் பாடம் என்று எனக்கு அப்போதே தலை சுற்றியது.

அன்று சாயங்காலம், பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு அம்மா எங்கள் வரிசை வீடான லயத்துக்கு ஏறி வந்தபோது அப்பாவின் போனோடு வாசலில் நின்றேன். இடுப்பில் சுற்றிக் கட்டிய, நனைந்த படங்குத் துணி, முதுகில் கூடை, அதன் கயிறு உச்சந்தலையில்.

“இந்தக் கோலத்துலயா எடுக்கிற? இரு, மூஞ்சி கழுவிட்டு வர்றேன்.”

அதற்குள் எடுத்துவிட்டேன், சொல்லவில்லை. அம்மா பவுடர் போட்டு, கோயில் திருவிழாவுக்கு வாங்கிய நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு அலுமாரிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அதையும் எடுத்தேன்.

டீச்சர் இரண்டையும் பார்த்தார். “சேலை கட்டின படம் எல்லா வீட்லயும் இருக்கும். கூடைப் படத்துலதான் உசுரு இருக்கு. இதையே வரைங்க.”

நானும் உற்று உற்றுப் பார்த்தேன். அந்தப் படத்தில் அம்மா பாதி உசுரோடுதான் இருந்தாள். ஆனாலும் டீச்சர் சொன்னால் சொன்னதுதான். வரைந்தேன். படம் எப்படி வருகிறது என்று அம்மா தினமும் கேட்டாள். நல்லா வருதும்மா என்றேன். எந்தப் படம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீலச் சேலைப் படம் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டும், சும்மா இருந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் படங்களின் கண்காட்சி நடந்த அன்று, மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் அரை நாள் லீவு கேட்டு வாங்கி, அதே நீலச் சேலையில், தலையில் பூவோடு அம்மா வந்தாள். நுவரெலியாவிலிருந்து ஒரு பெரிய ஐயா விருந்தாளியாக வந்திருந்தார். ஜன்னலைச் சாத்தி, புரொஜெக்டர் வெளிச்சத்தில் என் படத்தைச் சுவரில் போட்டார்கள். தரையிலிருந்து கூரை வரைக்கும் அம்மா: கூடை, படங்கு, தலையில் கயிறு. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் கை தட்டவில்லை.

ஐயா நல்ல மனிதர், அதை இன்றைக்கும் சொல்வேன். அம்மாவை முன்னால் கூப்பிட்டு, படத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, போட்டோ எடுக்கச் சொன்னார். பிறகு, “கையில ஒரு கூடை இருந்தா இன்னும் பொருத்தமா இருக்குமே” என்றார். இரண்டு பேர் கீழ் லயத்துக்கு ஓடி, யாருடைய கூடையையோ தூக்கி வந்தார்கள்.

அம்மா கையை நீட்டவில்லை. “நான் கூடைய வீட்டுல வச்சிட்டுத்தாங்க வந்தேன்” என்றாள், மெதுவாக.

வெட்கப்படுகிறாள் என்று ஐயா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியில் கூடையை அவள் காலடியில் வைத்துப் படம் எடுத்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். திட்டினாலாவது எதற்கென்று தெரியும். படத்தில் மூக்கு சரியாக வரவில்லையோ, அதுதான் கோபமோ என்று ஏதேதோ நினைத்தேன். பைப்படியில் நின்று கேட்டாள்:

“அந்தக் கூடைய எடுத்துற முடியுமா?”

அப்பாடா, இவ்வளவுதானா. “டெப்புல எல்லாத்தையும் மாத்தலாம்மா” என்றேன்.

மறுநாள் இடைவேளையில் டெப்போடு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனி லேயரில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித்தாளில் வரைவதுபோல வரையச் சொல்லியிருந்தார் டீச்சர். எனக்கு அது கடைசிவரை விளங்கவேயில்லை. எல்லாவற்றையும் ஒன்றிலேயே வரைந்திருந்தேன். கயிற்றை அழித்தால் தலைமுடியும் சேர்ந்து அழிந்தது. கூடையை அழித்தால் முதுகும் தோளும் போயின. அழிப்பதும் மறுபடி வரவழைப்பதுமாக எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. கூடை இருந்துவிட்டுப் போகட்டும். படங்கின் மேல் நீலத்தைப் பூசிச் சேலையாக்கினேன். தலையில் பூ வைத்தேன். கண்ணைப் பெரிதாக்கினேன். தொங்கியிருந்த வாயை இரண்டு பக்கமும் மேலே இழுத்துச் சிரிக்க வைத்தேன். தேயிலைப் பெட்டியின் மேல் படமாக இருக்கிற பெண் மாதிரி அவ்வளவு அழகாக வந்தது. டீச்சர் அதை அப்பாவின் போனுக்கு அனுப்பினார்.

சாயங்காலம் அம்மா அடுப்படியில் இருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கா” என்றாள். “யாரு இது?”

அடுப்புப் புகையில் கண் தெரியவில்லையாக்கும் என்று நினைத்து, போனின் வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி நீட்டினேன்.

“நீங்கதாம்மா. நல்லாப் பாருங்க.”