மச்சான் பெயர் மட்டும் தடிமனாக

எண்பதுகளின் கடைசியில் போடியில் எங்கள் அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. தட்டித் தட்டி நானே பழகிக்கொண்டேன். பக்கத்தை இங்கே அமைத்து, பிளாப்பியில் ஏற்றி, மதுரைக்கு பஸ்ஸில் போய் லேசர் பிரதி எடுத்து வர வேண்டும். அதை வைத்துத்தான் இங்கே அச்சு.

ஒருநாள் ராசிங்காபுரத்து விவசாயி ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். அவருடைய மனைவியின் அண்ணன் குரங்கணியில் ஏலத்தோட்டம் வைத்திருந்தார். பெண்ணின் காதுகுத்துப் பத்திரிகையில் தன் பெயர் விடுபட்டதிலிருந்து அந்த மச்சான் இவர் வீட்டுவாசல் மிதிக்கவில்லை.

"தாய்மாமன் இல்லாம எம்மக மணையில உக்கார மாட்டா. மச்சான் பேரு மட்டும் தடிச்சுத் தெரியணும். கோவிச்ச மாமனுக்குக் கொட்டை எழுத்துலதான் மருந்துன்னு எங்க ஊர்ல சொல்லுவாக" என்றார்.

அந்த ஒரு வரிக்கு மட்டும் தடித்த எழுத்துரு போட்டேன். திரையில் கம்பீரமாக இருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் அவரும் என்னோடு மதுரைக்கு ஏறினார். உசிலம்பட்டி வருவதற்குள்ளேயே பிளாப்பி பத்திரமா என்று நாலு தடவை கேட்டுவிட்டார்.

மதுரைக் கடையில் பிரதி வந்தது. மற்றதெல்லாம் சரி. மச்சான் பெயர் இருந்த இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு கொத்து.

"என்ன தம்பி, மச்சான வெள்ளக்காரனாக்கிட்டியே" என்றார். குரலில் சிரிப்பில்லை.

தடித்த எழுத்துரு தனிக் கோப்பு; அது இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் இப்படி ஆங்கில எழுத்தாகத்தான் வரும். அதை பிளாப்பியில் ஏற்ற மறந்திருந்தேன். மதுரைக் கடையிலும் அது இல்லை. போடிக்குப் போய்த் திரும்ப ஒரு பகல் போய்விடும். மறுநாள் மதியம் குரங்கணி ஜீப்பில் மச்சானுக்கான முதல் பத்திரிகை ஏற வேண்டும்.

அந்த வரியைச் சாதா எழுத்துருவுக்கு மாற்றினேன். தமிழ் திரும்பியது, ஆனால் ஒல்லியாக. அளவைக் கூட்டினேன்; பெயரின் பாதி அடுத்த வரியில் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். "வெரசா முடிங்கண்ணே, எங்களுக்கும் சோலி இருக்கு" என்றார் ஒருவர்.

திரையில் அந்த வரியை நகலெடுத்து அதன் மேலேயே வைத்தேன். கொஞ்சம் விலகி, கண் மங்கினவன் பார்ப்பதுபோல் இரட்டையாகத் தெரிந்தது. நகர்த்தி நகர்த்தி, மயிரிழை அளவுக்கு மட்டும் விலக்கி அச்சுக்குக் கொடுத்தேன். தாள் வெளியே வருவதற்குள் அவர் துண்டை முறுக்கிப் பிழிந்துவிட்டார்.

பெயர் கருகருவென்று தடித்து வந்தது.

மறுநாள் காலையில் அச்சடித்து முடித்ததும், "நீயும் ஜீப்புல ஏறு. ஏதாச்சும் கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்று கூட்டிப்போனார். குரங்கணியில் மச்சான், விவசாயி நீட்டிய தாம்பாளத்தைத் தொடாமல் அதிலிருந்த பத்திரிகையை மட்டும் எடுத்தார். அந்த வரியில் விரலை வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எனக்கு நின்ற இடம் சுட்டது.

"எம்பேரு மட்டும் ரெண்டு தடவ அடிச்ச மாதிரி இருக்கே?"

நான் வாயைத் திறக்குமுன் விவசாயி சொன்னார்: "ஒங்களுக்கு எத ஒருதடவ சொல்லி ஏறிருக்கு மச்சான்?"

மச்சான் சிரிக்கவில்லை. உள்ளே திரும்பி, "ஆத்தா, மூணு காப்பி கொண்டா" என்றார். பிறகு தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, தாய்மாமன் போடும் மாலை எத்தனை முழம் வேண்டும் என்று கேட்டார்.