பேரையூர் விசாவில் இல்லை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, திருப்பூரிலும் சேலத்திலும் லாரியில் சுற்றிவிட்டு, எழுபதுகளின் கடைசியில் மதுரைக்குத் திரும்பினேன். தெற்கு வாசல் பக்கம் ஒரு பாய், கல்யாண வீடுகளுக்குச் சமையல் பாத்திரங்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வேனை ஓட்டினேன். படுக்கையும் அதிலேயே. எந்நேரமும் பழைய நெய்யும் அடுப்புக்கரியும் நாறும். பழகிவிட்டால் தூக்கம் வரும்.

பாய்க்கு ஒரே தங்கை. கல்யாணமாகிக் கராச்சிக்குப் போனவர். இரண்டு நாடும் சண்டை போட்டதில் தபால் நின்றது, ரயில் நின்றது, உயிரோடு இருக்கிறாரா என்பதே வீட்டுக்குத் தெரியவில்லை. பிறகு இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். கைகுலுக்கும் படம் பேப்பரில் வந்தது. தபால், ரயில் என்று ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்கள். டீக்கடையில் அது வெறும் கேலிப்பேச்சு.

"மாப்ள, ரெண்டு நாடும் ராசியாயிருச்சாம்ல. பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட நீ எப்ப பேசப் போற?"

"மொதல்ல அவன் என் வாளியத் திருப்பித் தரட்டும்ணே."

பாய் சிரிக்கமாட்டார். தங்கைக்கு விசா கிடைத்தது என்று தெரிந்த நாளிலிருந்து கடையில் ரேடியோவை அணைக்க விடவில்லை. மறுபடியும் முறைத்துக்கொண்டால் ரயிலை நிறுத்திவிடுவார்களே என்ற பயம்.

ரயில் நிற்கவில்லை. ஆனால் அந்த அம்மா வருவதற்குச் சில வாரங்கள் முன்னால், சொந்த ஊரான பேரையூரில் அவர்களுடைய அத்தா இறந்துபோனார். தாயார் இத்தாவில் உட்கார்ந்தார். புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டு வாசலைத் தாண்டாமல் இருக்கும் வழக்கம் அது.

ஸ்டேஷனுக்கு நான்தான் வேன் எடுத்துப் போனேன். இறங்கியதும் அந்த அம்மா கேட்டது தாயைத்தான்.

"இத்தாவுல இருக்காக. வா, இப்பிடியே பேரையூருக்குப் போயிருவம்" என்றார் பாய்.

"மொதல்ல போலீஸ்ல பதியணும்ணே. இல்லாட்டி திருப்பி அனுப்பிருவாங்க."

பதியப் போன இடத்தில் அதிகாரி தாளைப் புரட்டிவிட்டு, "இதுல மதுரைன்னுதான் போட்டிருக்கு பாய். பேரையூர் இல்ல" என்றார்.

"பேரையூரும் மதுரை ஜில்லாதானே சார்?"

"எனக்குத் தெரியாதா? இதுல ஊருதான் செல்லும். டவுனைத் தாண்டினா நாளைக்கு இவங்களுக்குத்தான் கஷ்டம்."

வெளியே வந்து அந்த அம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். "அங்க பேரையூர்னா யாருக்குண்ணே தெரியும்? யாரு கேட்டாலும் மருதைன்னே சொல்லிப் பழகிட்டேன். விசாவுக்கு எழுதும்போதும் அதே வந்துருச்சு."

வெளியூர் போன எல்லோரும் செய்கிற காரியம்தான். சேலத்தில் கேட்டவர்களுக்கு நானும் மதுரை என்றுதான் சொன்னேன். என் ஊர் கீழக்குயில்குடி. எனக்கு யாரும் விசா கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மாற்றி வாங்க டெல்லிக்கு எழுத வேண்டும். பதில் வருவதற்குள் விசாவே முடிந்துவிடும். மகள் டவுனைத் தாண்டக்கூடாது, தாய் வாசலைத் தாண்டக்கூடாது. மறுநாள் பாயும் நானும் பேரையூர் போனோம். திரைக்குப் பின்னாலிருந்து தாயாரின் குரல் மட்டும் வந்தது.

"அந்த ஆபீசருக்கு அம்மா இல்லயாடா?"

"இருக்காகம்மா. அவருக்கு அதிகாரந்தான் இல்லயாம்."

பாய் பள்ளிவாசலுக்குப் போய், தாயைக் கூட்டிப்போகலாமா என்று அங்கே தொழவைக்கும் ஹஜ்ரத்தைக் கேட்டார். "அவசியம்னா பகல்ல போய்ட்டு வரலாம். ராத்திரி தன் வீட்லதான் தங்கணும். பொழுது அடையறதுக்குள்ள கொண்டாந்து விட்ருங்க" என்றார் அவர். அடுத்த நாளே புறப்பட முடிவானது.

வேனில் மெத்தை போட்டு, என் முதுகுக்குப் பின்னால் பெட்ஷீட் ஒன்றைக் கட்டினோம். வெயில் ஏறிவிட்டது. கல்லுப்பட்டி தாண்டும்போதே தகரம் சுட்டது. திருமங்கலம் ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக வெகுநேரம் நின்றோம். பின்னால் முனகல் கேட்டது. பாய் விசிறிக்கொண்டே இருந்தார். தெற்கு வாசல் வந்தபோது மதியத் தொழுகை முடிந்துவிட்டது.

நான் பாய் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தேன். மேலே அழுகை கேட்டது. பிறகு பேச்சு.

"இம்புட்டு எளச்சுட்டியே. அங்க சோறு கிடையாதா?"

"ரொட்டிம்மா."

"ரொட்டி தின்னா இப்பிடித்தான்."

கொஞ்ச நேரத்தில் அந்தப் பேச்சும் நின்றது. பாய் பாதிப் படி இறங்கி என்னிடம், "அம்மா அவ மடியிலயே தூங்கிட்டாகப்பா" என்றார். திரும்ப ஏறிப் போய்த் தங்கையிடம், "எழுப்பும்மா, கெளம்ப நேரமாகுது" என்றார்.

"வேணாண்ணே. தூங்கட்டும்."

பாய் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். விசிறி சுவரில் இடிக்கிற சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்தது. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் கிடைத்த மத்தியானம் அப்படியே போனது. கிளம்புகிற நேரத்துக்குத்தான் எழுப்பினார்கள்.

திரும்பும் வழியில் தாயார் பாயைத் திட்டிக்கொண்டே வந்தார். "அவ சின்னப்புள்ள, சொல்லுவா. ஒனக்கு அறிவு வேணாமாடா? எழுப்பியிருக்க வேணாமா?"

திருமங்கலம் கேட் மறுபடியும் மூடியிருந்தது. பெட்ஷீட்டுக்குப் பின்னாலிருந்து தாயார் முதல்முறையாக என்னிடம் கேட்டார்.

"வெளிச்சம் இருக்காப்பா?"

"இருக்கும்மா. போயிரலாம்."

பொழுது அடைவதற்குச் சற்று முன்னால் பேரையூர் சேர்ந்தோம். பாய் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். அவருக்கும் வயதாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நாளைக்கும் வேன் வருமாடா?"

"நாளைக்கா? ஒங்க ஒடம்பு தாங்காதும்மா. ஹஜ்ரத்தையும் கேக்கணும்."

"கேளு. நாளைக்குத் தூங்க மாட்டேன்னு சொல்லு."

பாய் என்னைப் பார்த்தார். பிறகு முட்டியைப் பிடித்து எழுந்து பள்ளிவாசல் பக்கம் நடந்தார். நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன்.