ஞானத்தகப்பன் வாங்கிக் கொடுத்த டீ

மேட்டுப்பட்டியில் அன்னாள் வீட்டு மாவுக்கு நாலு தெருவில் பேர் உண்டு. புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது, அந்த வாடகை வீட்டின் முன்பக்கத்தில் ஓடிய கிரைண்டர்தான். வீடு போனால் பிழைப்பும் போச்சு. இது ஊருக்கே தெரியும். வீட்டுக்காரர் ராயப்பராஜுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

ராயப்பராஜ் வெறும் வீட்டுக்காரரும் இல்லை. அன்னாளின் மகள் வினோலியாவுக்கு ஞானத்தகப்பன்; ஞானஸ்நானத்தன்று பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவர். அவரைப் பற்றி வெளியில் குறை சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்பது அன்னாளின் நம்பிக்கை. அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் வீட்டை இடித்துக் கடைகள் கட்ட ஆசைப்பட்டு, அவளைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார்.

வக்கீல் வைக்க வழியில்லாமல் அன்னாள் தனியாகத்தான் கோர்ட்டுக்குப் போனாள். வாசலிலேயே ராயப்பராஜ் பிடித்துக்கொண்டார்.

"வா அன்னாளு, செத்த நேரம் டீ குடிப்போம். கேஸ வாபஸ் வாங்கச் சொல்லிட்டேன். நீ உள்ள போக வேணாம்."

"நெசமாவாண்ணே?"

"ஏந்தங்கச்சி, ஞானத்தகப்பன் பொய் சொல்வனா?"

எதிர்க்கடையில் டீ வாங்கிக் கொடுத்தார், கூடவே ஒரு வடையும். அவள் வடையைப் பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே டவாலி அவள் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனார். ஆள் வரவில்லை என்று காலி செய்யும்படி உத்தரவு ஆனது. இது தெரியாத அன்னாள் வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். பாவி, அவருக்காகவும் சேர்த்து ஜெபித்தாள்.

விஷயம் காதுக்கு வந்ததும் அழுதுகொண்டே இலவசச் சட்ட உதவி மையத்துக்கு ஓடினாள். அங்கே அவளுக்காக வாதாட வந்த வக்கீல் சத்யபிரியா பொறுமையான பெண்.

"அன்னைக்கு ஏன்மா உள்ள வரல? சரியான காரணம் இருந்தா உத்தரவ ரத்து பண்ணக் கேட்கலாம். உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

அன்னாளுக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது. ஞானத்தகப்பன் பேரைக் கோர்ட்டில் இழுப்பதா? கொடைரோட்டில் வாழப்போன வினோலியா நிறைமாசமாக இருக்கிறாள். வந்ததை விழுங்கிவிட்டாள்.

"காய்ச்சல்மா. எந்திரிக்கவே முடியல."

"வேற யாராவது வர வேணாம்னு சொன்னாங்களா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

அதையே மனுவாக எழுதி, சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டாள்.

விசாரணையன்று ராயப்பராஜின் வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். "காய்ச்சலாம்! அன்னைக்கு இதே கோர்ட்டுக்கு எதிர்ல என் கட்சிக்காரர் வாங்கிக் கொடுத்த டீயையும் வடையையும் சாப்பிட்டவங்க இவங்க. வேணும்னே உள்ள வரல. டீக்கடைக்காரரே சாட்சி சொல்ல வந்திருக்கார்."

சத்யபிரியா திரும்பி அன்னாளைப் பார்த்தாள். அன்னாள் தரையைப் பார்த்தாள். எவன் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொன்னாளோ, அவனே அந்தப் பொய்யை எடுத்து அவள் கழுத்தை அறுத்தான். இதற்கு மேலும் அவனுக்கு மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது! பொய்ச் சத்தியம் செய்தவள் என்ற கண்டிப்போடு மனு தள்ளுபடியானது.

வீட்டைக் காலி செய்ய கோர்ட் அமீனா ஆட்களோடு வந்த காலையில் கிரைண்டரில் பாதி அரைத்த மாவு கிடந்தது. அப்படியே தூக்கித் தெருவில் வைத்தார்கள். தூக்குவாளியோடு மாவு வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ராயப்பராஜ் பக்கத்தில் வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கோர்ட்டுல போயி பொய் சொல்லலாமா தங்கச்சி? உள்ளதச் சொல்லியிருந்தா நானே விட்டுருப்பேன்ல?"

அன்னாள் மாவுக் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வாபஸ் வாங்கிட்டேன், உள்ள போகாதேன்னு டீ வாங்கிக் குடுத்தது நீதானய்யா!" என்று கத்தினாள். அவரைப் பற்றி அவள் வெளியே சொன்ன முதல் குறை அது.

பூட்டை மாட்டிக்கொண்டிருந்த அமீனா திரும்பிப் பார்த்தார்.

"இத அங்க சொல்லியிருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.