பிழையை வரவழைத்துப் பார்த்த பிலோமினா

பிலோமினா போய்விட்டார் என்று அவர் தம்பி போனில் சொன்னபோது, அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு நோய் முற்றியிருந்தது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அன்று யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் ரெட்டியார்பாளையத்தில் அடக்கம் நடந்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய கேள்வி நினைவிருக்கும். மென்பொருளில் பிழை வந்து, நாம் காரணம் சொல்ல ஆரம்பித்ததும், "கண்ணால பார்த்தியா, இல்ல நெனச்சியா?" என்பார். நினைத்தேன் என்றால் கோபப்பட மாட்டார். "சரி, இன்னும் தெரியலன்னு வெச்சுக்குவோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

உப்பளம் என்ற பகுதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தியது. ஒருநாள் ஒரு கர்ப்பிணியின் அறிக்கையில் வேறொருவரின் சர்க்கரை அளவு அச்சாகிவிட்டது. அதைப் பதிவு செய்த ஊழியர் செல்வியை வேலையிலிருந்து நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள். எங்கள் முதலாளிக்கும் அது வசதி.

"டைப்பிங் மிஸ்டேக்குன்னு எழுதிக் குடுத்துடும்மா" என்றார் பிலோமினாவிடம்.

"அதே தப்பை ஒரு தடவ வரவெச்சுப் பார்க்கிறேன் சார். அப்புறம் எழுதலாம்" என்றார் பிலோமினா.

நானும் உடன் போனேன். "நான் சரியாத்தான் போட்டேன் மேடம்" என்று செல்வி அழுதார். பிலோமினா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அன்று செய்ததை அப்படியே செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்றார். அறிக்கை சரியாகவே வந்தது. ஆளை மாற்றினார். பிறகு கணினியை மாற்றினார். அப்போதும் சரியாகவே வந்தது. பொறுமையிழந்து நான் ஆளையும் கணினியையும் ஒரே நேரத்தில் மாற்றப் போனபோது கையைத் தடுத்தார். "அப்புறம் எதனால வந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவ?"

அன்று கூட்டமா என்று செல்வியிடம் கேட்டார். கூட்டம்தான், பக்கத்துக் கவுண்டரும் திறந்திருந்தது. உடனே என்னை அங்கே உட்காரவைத்து, இருவரையும் ஒரே நேரத்தில் அச்சிடச் சொன்னார். சில முறை ஒன்றும் ஆகவில்லை. பிறகு, நான் பதிந்த எண்கள் செல்வியின் தாளில் வந்தன. இரண்டு அறிக்கைகளும் ஒரே தற்காலிகக் கோப்பில் போய் விழுந்திருக்கின்றன. தவறு எங்கள் மென்பொருளுடையது.

திருத்திய பிறகும் அவர் விடவில்லை. திருத்தத்தை எடுத்துவிட்டு, பிழை திரும்ப வருகிறதா என்று பார்த்தார். "எடுத்தா வரணும், போட்டா போவணும். அப்பதான் அதுதான் காரணம்."

செல்வியின் வேலை தப்பியது. முதலாளி சில நாள் பிலோமினாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு பழக்கம். எங்காவது பிழை என்று அழைப்பு வந்தால், யார் மேல் பழி விழுந்திருக்கிறது என்று முதலில் கேட்கிறேன். காரணம் தெரியும்வரை அந்த ஆளை வேலையில் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, வண்டியை எடுக்கிறேன்.