வாசனை இல்லாத புகை

ஆம்பூரில் நான் ஆவாரம்பட்டை இடிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தேன். தோல் பதப்படுத்துகிற பட்டை அது. இடிக்க இடிக்கப் பழுப்பாய்த் தூசி கிளம்பும். சாயங்காலம் துப்பினால் எச்சிலும் அதே நிறம். பக்கத்திலேயே சுண்ணாம்புத் தொட்டிகள். மயிர் கழன்று ஊறிக் கிடக்கும் தோல்களின் நாற்றம் தெருவெல்லாம் நிற்கும். போதாக்குறைக்கு ரயிலின் கரிப்புகை வேறு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே என் மூக்கு செத்துப்போனது. பிறகு எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, இருமலைத் தவிர.

என் மனைவி திமிரி என்கிற ஊர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி வந்த அன்றே வாந்தி எடுத்தாள். அன்றைக்கேவா விசேஷம் என்று தெருவே கேலி பண்ணியது. முதல் வருஷத்திலேயே இரண்டு முறை பிறந்த வீட்டுக்கு ஓடிப்போனாள். இரண்டாம் முறை நான் போய் அழைத்தபோது அவள் அப்பா, இனி ஒரு தடவை வந்தால் திருப்பி அனுப்பமாட்டேன் என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் இல்லாத நாட்களில் நான் சுவரோடு பேச ஆரம்பித்திருந்தேன்.

நாற்றத்தை அடைத்துவிடுவதென்று முடிவு செய்தேன். ஜன்னலில் கோணிப்பை அறைந்து மேலே களிமண் பூசினேன். ஓட்டுச் சந்துகளில் வைக்கோல் திணித்தேன். கதவிடுக்குக்குக் கிழிந்த வேட்டி. பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு எனக்கு.

முதலாளி பாய் என்பதால் வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு லீவு. ஐப்பசி மழை. அவள் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகியிருந்தாள்; கூந்தல் காயவே இல்லை. நானே ஒரு சட்டி நிறையக் கரியை மூட்டி, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்துக் கொடுத்தேன். அதன்மேல் முடியை விரித்துப் படுத்தாள்.

"இப்பதான் நல்லா மூச்சு வுட முடியுது," என்றாள்.

அந்த வீட்டைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். கதவைத் தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, தலைகால் புரியாமல் சந்தைக்குப் போனேன்.

திரும்பி வந்து தட்டினேன். பதில் இல்லை. தூங்கட்டும் என்று வெளியே குந்தி ஒரு பீடி பிடித்தேன். அந்த ஒரு பீடி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு பாயம்மாதான் சந்தேகப்பட்டுக் கதவை உடைக்கச் சொன்னாள். உள்ளே என் மனைவி நன்றாகத் தூங்குகிறவளைப் போலக் கிடந்தாள். தூக்கினேன், ஈரத்துணி மாதிரித் துவண்டாள். கொண்டுவந்து மழையில் கிடத்தினோம். வெகுநேரம் கழித்துத்தான் முனகினாள்.

ஓடிவந்த கம்பவுண்டர் சட்டியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மணக்கறது சாம்பிராணிதான். கரியில வர்ற வெசத்துக்கு வாசனையே கெடையாது. அடச்ச ரூம்ல ஆளைத் தூங்க வெச்சே கொன்னுடும்," என்றார்.

சேதி எட்டிய கையோடு அவள் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அவளை அதில் ஏற்றி அழைத்துப் போனார்.

தை பிறந்ததும் திமிரிக்குப் போனேன். அதற்குள் ஜன்னலைப் பெயர்த்துப் பெரிதாகக் கட்டியிருந்தேன். அதைச் சொன்னால் வந்துவிடுவாள் என்று நம்பினேன். வழியில் பாலாற்று ஊற்றில் சீயக்காய் தேய்த்து இரண்டு தடவை குளித்தேன். வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டேன்.

அவள்தான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நீட்டும்போது மறுகை தன்னாலே முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோயிற்று. அவளே கவனித்து, சட்டென்று கையை இறக்கினாள். நான் ஜன்னலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

"ஜன்னலால இல்ல," என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "வாடை உன் கூடத்தான் தெனம் உள்ள வந்துச்சு. எப்டிச் சொல்றதுன்னு தெரியல."

தண்ணீரைக் குடித்து முடித்தேன். செம்பை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். நான் அதைத் தரையில் வைத்து, அவள் பக்கமாகத் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன்.