தலையணைக்குள்ளிருந்து ஒரு வாதம்

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஞாயிறு காலைகளில் நாங்கள் ஐந்து பெண்கள் கூடி நாவல் பேசுவோம். மாதத்துக்கு ஒரு நாவல். எங்களில் கணக்கு டீச்சராக வேலை பார்ப்பவரை எல்லோரும் அக்கா என்போம்; அவருக்கும் எனக்கும்தான் அதிகம் சண்டை வரும். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் குடும்பத் தகராறு என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள்.

போன வருஷம் அக்காவுக்கு ஒரு கண்ணில் விழித்திரை விலகி, அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் சொல்லும்வரை குப்புறவே படுத்திருக்க வேண்டும். புத்தகம், போன் எதையும் தொடக் கூடாது. அந்த மாதம் நாங்கள் எடுத்திருந்தது ஒரு மீனவக் குடும்பத்தைப் பற்றிய தடித்த நாவல். அவர் பாதிவரைதான் படித்திருந்தார்.

பார்க்கப் போனபோது தலையணையில் முகம் பதித்துக் கிடந்தார்.

"இந்த மாசம் மீட்டிங் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்க்கா."

"யாரைக் கேட்டு? கண்ணுதானே போச்சு, காது நல்லாத்தானே இருக்கு? வந்து படிங்க."

"ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்கம்மா," என்றார் வாசலில் நின்ற அவர் கணவர்.

"ரெஸ்ட்லதாங்க இருக்கேன். இப்படியே கிடந்தா பைத்தியம் பிடிச்சிடும்."

மறுநாளிலிருந்து முறை போட்டுக்கொண்டு போனோம். நான் ஆபீஸ் முடிந்து ரயிலிறங்கி நேராக அங்கே போய்விடுவேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் சத்தமாகப் படித்ததே இல்லை. வாய் குழறியது.

"ஓடாத. கதையில அவ இன்னும் வாசல்லதான் நிக்கிறா, நீ அதுக்குள்ள சமையக்கட்டுக்குப் போயிட்ட," என்றார் அக்கா.

நாவலில் வரும் மாமியாரை எனக்குப் பிடிக்காது. கல்நெஞ்சக்காரி என்று அக்காவிடம் ஏற்கெனவே வாதாடியிருந்தேன். அவள் பேச்சை என் வாயால் சொல்லும்போதுதான், கடலுக்குப் போன மகன் திரும்பாமல் போய்விடுவானோ என்ற பயம் அத்தனை வசவுக்கும் அடியில் இருப்பது புரிந்தது. படிப்பதை நிறுத்திவிட்டேன்.

"என்ன ஆச்சு?"

"இவ கல்நெஞ்சக்காரி இல்லக்கா."

"அதை ஞாயித்துக்கிழமை பேசலாம். இப்ப படி."

கடைசி அத்தியாயத்துக்கு எல்லோரும் வந்திருந்தோம். ஒரு நாவலும் படித்தறியாத அவர் கணவர், பூண்டு உரிக்கிற சாக்கில் தரையில் உட்கார்ந்திருந்தார். படித்து முடித்ததும் எங்களுக்கு முன்பாக அவர்தான் பேசினார்.

"அந்த மருமகப் பொண்ணு ஊரை விட்டுப் போயிருக்கக் கூடாது."

"ஏன் போகக் கூடாது?" தலையணைக்குள்ளிருந்து குரல் சீறியது. முகத்தைத் திருப்ப முடியாததால், கையை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டி ஆட்டியபடி ஒரு மணி நேரம் அவரோடு வாதாடினார் அக்கா. அன்று எங்களில் யாருக்கும் இடையில் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை.

அந்தக் கண்ணில் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் படித்தாலே கண்ணில் நீர் வடிகிறது என்கிறார். அடுத்து சின்ன நாவலாக எடுக்கலாம் என்று நான் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மூன்று பாகம் உள்ள ஒன்றைச் சொன்னார். வாரம் ஒருவர் சத்தமாகப் படிக்கிறோம். இப்போது முதல் பாகத்தில் பாதியைத் தாண்டியிருக்கிறோம்.