அப்பா சொன்ன நாற்பதாயிரம்

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்த வங்கிக்கு நாங்கள் முதன்முதலில் போனது ஒரே ஆட்டோவில், ஐந்து பேராக. ஓட்டுநருக்குப் பக்கத்தில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கிக்கொண்டும் அப்பா. பின்னால் வீட்டுக்கார மாமா, அவருடைய மகன், என் அக்கா, மூவருக்கும் நடுவில் எப்படியோ நான். நடந்தே போகிற தூரம்தான், ஆனால் மாமா வெயிலில் நடக்க மாட்டார். "இன்னா சார், ஆட்டோவா ஷேர் வண்டியா இது?" என்று ஓட்டுநர் சலித்துக்கொண்டார். மாமா அதைக் காதில் வாங்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே காரியத்துக்குப் போறோம். தனித்தனியா எதுக்கு ரெண்டு வண்டி?" என்றார். காரியம் கல்விக் கடன். மாமாவின் மகனுக்கு அமெரிக்காவில் மேல்படிப்பு, அக்காவுக்கு இங்கே பொறியியல் கல்லூரி. மாடியில் அவர்கள், கீழே வாடகைக்கு நாங்கள். நான் அப்போது எட்டாம் வகுப்பு. அம்மா ஊருக்குப் போயிருந்ததால் வீட்டில் தனியாக விட முடியாது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் தீராது. அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். இருபது வயதில் தியாகராய நகர் வந்து, ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் சேர்ந்து, கடைசிவரை அங்கேயே நின்றவர். நின்றவர் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், கடையில் உட்கார ஸ்டூல் கிடையாது. பட்டு விற்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று முதலாளியே சொல்வார். அவருடைய தொழில் ரகசியத்தை எங்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். "மொதல்ல ஒசந்த வெலைச் சேலைய விரிக்கணும்ளா. பொறவு அவங்களே எறங்கி வருவாங்க. நாம கொறச்சலா ஆரம்பிச்சம்னா, அதுக்கும் கீழதான் கேப்பாங்க." கல்யாணப் பட்டு எடுக்க வரும் கூட்டத்திடம் இது பலித்தது. அவர் இதை எல்லா இடத்திலும் பலிக்கும் என்று நம்பினார்.

வங்கிக்குப் போவதற்கு முன்பே வருமானச் சான்றிதழ் வாங்க அப்பா தாலுகா அலுவலகம் போயிருந்தார். அங்கே இருந்தவர் மாதம் எவ்வளவு வருகிறது என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்குச் சராசரியாக இருபத்தைந்தாயிரம் வரும். தீபாவளி மாதம் மட்டும் விற்பனைக்கான ஊக்கத்தொகையும் போனஸும் சேர்ந்து நாற்பதைத் தொடும். குறைவாகச் சொன்னால் இவனுக்கெல்லாம் யார் கடன் கொடுப்பார்கள் என்று வங்கியில் நினைத்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். அதனால் நாற்பதை விரித்தார். அதிகாரி "அவ்ளோ இருக்காதே" என்பார், முப்பதில் வந்து நிற்கலாம் என்பது கணக்கு. எதிரில் இருந்தவருக்கு அன்றைக்கு நூறு பேர் வேலை. தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டார். பேரமே பேசாத ஒரு வாடிக்கையாளரை அப்பா அன்றுதான் பார்த்திருப்பார்.

வங்கியில் கடன் பிரிவு அதிகாரி நல்ல மனிதர். சான்றிதழைப் பார்த்துவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது. "சார், வருஷ வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருந்தா, பொண்ணு படிக்கிற காலத்து வட்டிய கவர்மென்டே கட்டிடும். உங்களுக்கு நாலு எண்பதுன்னு போட்டிருக்கே" என்றார். அப்பா சிரித்தார். "கூட இருந்தா நல்லதுதான சார்?" என்று கேட்டார். அதிகாரி அக்காவைப் பார்த்தார். அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் ஏதோ கெட்டுப்போனது என்று எனக்கே தெரிந்தது.

மாற்ற முயற்சி செய்யாமல் இல்லை. அப்பா கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மறுபடி தாலுகா அலுவலகம் போனார். "நீங்க சொன்னதத்தானே எழுதினேன்? போன வாரம் நாப்பது, இந்த வாரம் இருபத்தஞ்சா? சம்பளச் சான்று கொண்டாங்க" என்றார்கள். கடையில் பாதிச் சம்பளம் கையில் கொடுக்கும் பணம். சான்று எழுதிக் கொடுக்க முதலாளி ஒப்பவில்லை. அதற்குள் கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் வந்துவிட்டது. இருக்கிற சான்றிதழை வைத்தே கடன் வாங்கினோம். அன்றைக்குப் பிறகு அப்பா அந்த நாற்பதாயிரத்தைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்களும் பேசவில்லை.

மாமா வாங்கியது முப்பது லட்சம். நாங்கள் குடியிருந்த வீட்டைத்தான் அடமானம் வைத்தார், நாங்கள் வாடகைக்கு இருந்த தரைத்தளமும் சேர்த்து. அவரிடம் பணம் இல்லாமல் இல்லை. அவர் அதை ஒளிக்கவும் இல்லை. "டெபாசிட்ட எதுக்கு ஒடைக்கணும்? லோன் போட்டா, கட்டற வட்டிக்கு வரி விலக்கு இருக்கு. ஆடிட்டர் சொல்லிண்டே இருக்கார், எடுக்காம இருக்கறது அசட்டுத்தனம்னு" என்று அப்பாவிடம் விளக்கினார். மகன் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே மாதாமாதம் வட்டியைக் கட்டினார். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வங்கி வட்டியில் ஒரு சதவீதம் குறைத்தது. எங்கள் கடன் நான்கு லட்சம். படிக்கும்போது கட்ட வேண்டாம் என்று சொன்னார்கள், நாங்களும் கட்டவில்லை. கட்ட வேண்டாம் என்றால் வட்டி ஓடாது என்று அர்த்தமில்லை என்பது, படிப்பு முடிந்து வங்கி கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் எங்கள் தலையில் இறங்கியது. நான்கு ஐந்தரை ஆகியிருந்தது.

அக்காவோடு பள்ளியில் படித்த தோழி ஒருத்தி கொட்டிவாக்கத்தில் இருந்தாள். அவளுடைய அம்மா மீன் விற்பவர். அவர்கள் எந்த வங்கிக்கும் போகவில்லை. உறவுக்காரர் ஒருவர் மூலம் தினம் வசூலிக்கும் தண்டல் வட்டிக்கு வாங்கி ஒரு வருடம் கல்லூரியில் கட்டினார்கள். இரண்டாம் வருடம் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. கல்விக் கடன் எந்தெந்த வீட்டில் எவ்வளவு என்று யாராவது கணக்கெடுத்தால், மாமா வீடு பெரிய கடன், எங்கள் வீடு சின்னக் கடன், அந்தத் தோழி வீட்டில் கடனே இல்லை என்றுதான் எழுதிக்கொண்டு போவார்கள். எழுதுகிறவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்குக் கிடைக்கிற காகிதம் அவ்வளவுதான். ஆனால் எனக்கு எரிச்சலாக வரும்.

அக்கா பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். மென்பொருள் சோதிக்கும் வேலை. அவள் படித்ததோ கட்டடப் பொறியியல். அவளுக்குப் பிடித்தது தண்ணீர். இந்த ஊரில் மழைத் தண்ணீர் எங்கே போகிறது, ஏன் போக மாட்டேன் என்கிறது என்று மணிக்கணக்காகப் பேசுவாள். ஒவ்வொரு மழைக்கும் எங்கள் தெரு முழங்கால் வரை நிற்கும்போது, நான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன், அவள் வாசலில் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். "பைத்தியம் மாதிரி நிக்காதடி" என்று அம்மா கத்துவாள். அந்தத் துறையில் மேல்படிப்புப் படிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வேலைக்குப் போய்க்கொண்டே நுழைவுத் தேர்வு எழுதினாள். இரண்டாவது தடவையில் அடையாறு பக்கம் ஒரு அரசுக் கல்வி நிறுவனத்தில் இடம் கிடைத்தது. மாதம் உதவித்தொகை கூட உண்டு.

அந்த உதவித்தொகையில் கடன் தவணையைக் கட்டினால் மிச்சம் பேருந்துக் கட்டணத்துக்குத்தான் வரும். அப்பாவுக்கு அதற்குள் முழங்கால் போய்விட்டது. நாள் முழுக்க நிற்க முடியாதவரை யார் பட்டுப் பிரிவில் வைத்துக்கொள்வார்கள்? கிடங்கில் பாதிச் சம்பளத்துக்கு மாற்றியிருந்தார்கள். வீடு ஓடியதே அக்காவின் சம்பளத்தில். அவள் வங்கிக்குப் போய், இரண்டு வருடம் தவணையை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டாள். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாம், ஆனால் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்றார்கள். ஏறுகிற வட்டி எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். சேர வேண்டிய கடைசி நாளன்று வழக்கம்போல வேலைக்குப் போனாள். சாயங்காலம் சாப்பிடும்போது, "அந்த சீட்டை விட்டுட்டேன்பா" என்று உப்பு குறைகிறது என்பதுபோலச் சொன்னாள். அப்பா தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார்.

அதே வருடம் மாமாவின் மகன் அமெரிக்காவில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தான். ஒருநாள் கொடியில் துணி எடுக்க வந்த மாமி அம்மாவிடம் சொன்னார். "கடன் தலைக்கு மேல இருந்தா அவனுக்குப் படிப்புல மனசு நிக்காதுன்னு, மாமா டெபாசிட்ட ஒடைச்சு மொத்தமா கட்டிட்டார். கொழந்த நிம்மதியா படிக்கட்டும்." மாமி கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு எங்கள் நால்வருக்கும் தனித்தனியாகப் பெயர் சொல்லிப் பட்சணம் கொடுத்து அனுப்புகிறவர். உள்ளே அக்கா அலுவலகக் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. மாமா மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் அது பொய். அவர் யாருக்கும் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அக்காவிடம், "கேட்டியா?" என்றேன். "கேட்டேன். நல்ல விஷயம்தானே. படிக்கட்டும்" என்றாள். அவளுக்கு அது நிஜமாகவே நல்ல விஷயமாகத்தான் பட்டது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நான் கடன் வாங்காமல் மயிலாப்பூரிலேயே ஒரு கல்லூரியில் பி.காம். படித்தேன். எனக்கும் வேலை கிடைத்தது. நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, கொஞ்சம் வாடகை குறைவாகத் திருவான்மியூரில் ஒரு சந்துக்கு வந்தோம். நடுவில் அக்காவுக்கு இரண்டு வரன்கள் வந்தன. ஒரு வீட்டில், "கடனைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே முடிச்சுடுவீங்க இல்ல?" என்று நாசூக்காகக் கேட்டார்கள். இன்னொரு வீட்டில் நாசூக்கு இல்லை. அக்கா இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாதாமாதம் ஐந்தாம் தேதி தவணை கட்டினாள்.

போன மாதம் கடன் முடிந்தது. பாக்கி எதுவும் இல்லை என்ற சான்றை வாங்க மூவரும் போனோம். அப்பா தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நீங்கள் வர வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்காமல் கூட வந்தார். வங்கியில் இப்போது கடன் பிரிவில் ஒரு இளம்பெண். அக்காவின் கணக்கைப் பார்த்துவிட்டு, "ஒரு தவணைகூடத் தவறலயே மேடம். பர்சனல் லோன் ஏதாவது போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை.

"பர்சனல் லோன் வேண்டாம். எஜுகேஷன் லோன் வேணும்" என்றாள்.

"யாருக்கு மேடம்?"

"எனக்கு."

ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நீர்வளப் படிப்புக்கு இடம் வாங்கியிருந்தாள். எங்களிடம் சொல்லவே இல்லை. "மறுபடியுமா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "அரசாங்க சீட்டுக்கு மறுபடி எழுதினா இன்னும் ரெண்டு வருஷம் போயிடும். வீட்டை நீ பாத்துக்க மாட்டியா?" என்று கேட்டாள். பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பெண், என் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினால் கடன் கிடைக்கும் என்றார். பிறகு, பேச்சுவாக்கில், "வேலைக்குப் போயி இத்தனை வருஷம் கழிச்சு யாரும் வந்து கேட்டதில்ல மேடம். அப்பவே படிச்சிருக்கலாமே" என்றார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அவ அப்பவே படிக்க வேண்டியவதான், மேடம். நான் வாய்க்கு வந்த ஒரு தொகையச் சொல்லிட்டேன். அதத்தான் இவ இத்தன வருசமா கட்டிட்டு இருந்தா."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா சுவரை ஒட்டி, கடையில் நிற்பதுபோலவே நின்றுகொண்டிருந்தார். அக்கா எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"உக்காருங்கப்பா. இன்னும் நேரமாகும்."